மாமாவோட 40 வருஷம், மினிட்ஸ்ல ஒரு வரி

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறேன், சில இடங்களில் பேச்சை அப்படியே விட்டிருக்கிறேன்.)

எப்பவும் போல தவளக்குப்பத்துல, எங்க வீட்டு மாடி ரூம்ல இருந்துதான் பேசறேன். நடுவுல ஹாரன் சத்தம் கேட்டா மன்னிச்சுக்கோங்க, கடலூர் ரோடு பக்கத்துலயே இருக்கு. வேலை நாட்கள்ல இதே ரூம்தான் என் ஆபீஸ். அதே மைக், அதே ஃபேன்.

இன்னைக்கு ஒரு கூட்டத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி, எங்க கடற்கரையோரம் வரப்போற ஒரு கட்டுமான வேலைக்காகப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. எங்க அம்மாவுக்கு ஊர் நல்லவாடு. தவளக்குப்பத்துல இருந்து கிழக்கே போனா கடலோரம் வர்ற மீனவ கிராமம். அங்க இருக்கிற மாமா போன் பண்ணி, "நீ படிச்ச பையன், கூட வாடா. அவங்க படம் போட்டுக் காட்டினா எனக்கு என்ன ஏதுன்னு சொல்லு"ன்னார். போனேன்.

பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணி பாக்கெட், புரொஜெக்டர். வெயில்ல ஸ்கிரீன்ல ஒண்ணும் தெரியல. ஆலோசகர் ஒருத்தர் வரைபடம் காட்டினார். மாமா எழுந்து மைக் வாங்கினார். ஆடி மாசம் மணல் எந்த இடத்துல ஏறும், கார்த்திகையில எந்த இடத்துல இறங்கும், அவங்க கல் கொட்டப் போறதா காட்டின இடத்துல இருந்து எத்தனை அடி தள்ளி ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை கரை பள்ளமாகும், இப்படி வரிசையா சொன்னார். மூணு நிமிஷம் இருக்கும். "சரிங்க ஐயா, குறிச்சுக்கிட்டோம்"னு மைக் அடுத்தவர் கைக்குப் போயிடுச்சு.

சில மாசம் கழிச்சு கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, நம்ம பாஷையில மினிட்ஸ், கைக்கு வந்தது. அதுல மாமாவுக்கு ஒரு வரி இருந்தது: மீனவர் ஒருவர் மணல் அரிப்பு குறித்துக் கவலை தெரிவித்தார்.

நான் வாசிச்சுக் காட்டினேன். மாமா கோபப்படவே இல்லை. "நான் கவலை தெரிவிக்கலடா. தகவல் சொன்னேன்"னார்.

இந்த எபிசோட் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைப் பத்திதான். கடலோரத்துல வாழ்ற மக்கள் பல தலைமுறையா சேர்த்து வெச்சிருக்கிற அறிவு, சுற்றுச்சூழல் முடிவுகள் எடுக்கும்போது எங்க போகுது? தகவலா உள்ள போகுதா, இல்ல கவலையா ஓரமா நிக்குதா?

வட துருவத்துல நடந்த ஒரு கணக்கு

இந்தக் கேள்விக்கு உலகத்துல ரொம்பத் தெளிவா ஒரு பதில் கிடைச்ச இடம் நம்ம ஊர்ல இருந்து வெகுதூரம். அலாஸ்காவின் வடக்கு ஓரம், உட்கியாக்விக். அன்றைக்கு அதன் பெயர் பாரோ. அங்கே வாழும் இனுபியாட் மக்கள் ரொம்ப ரொம்பக் காலமாக போஹெட் என்ற திமிங்கிலத்தை வேட்டையாடி உண்பவர்கள். அது அவர்களுக்கு உணவு மட்டுமல்ல, ஊரே கூடிப் பங்கு பிரிக்கும் வாழ்க்கை முறை.

1977-ல் சர்வதேச திமிங்கில ஆணையம் அந்த வேட்டையை மொத்தமாக நிறுத்தச் சொன்னது. காரணம், விஞ்ஞானிகளின் கணக்குப்படி அந்தக் கடலில் மிஞ்சியிருந்த போஹெட் திமிங்கிலங்கள் சில நூறிலிருந்து அதிகபட்சம் இரண்டாயிரத்துக்குள்தான். முந்தைய நூற்றாண்டில் வணிகக் கப்பல்கள் வந்து கொன்று குவித்ததால் அந்த இனம் அழிவின் விளிம்புக்குப் போனது உண்மை. அதனால் பயந்ததில் நியாயம் இருந்தது.

ஆனால் வேட்டைக்காரர்கள், "உங்க எண்ணிக்கை தப்பு. இதைவிட நிறைய இருக்கு" என்றார்கள். எப்படி எண்ணினார்கள் என்று பார்த்தால் விஷயம் புரியும். வசந்த காலத்தில் கடல் பனி பிளந்து, கரையோரமாக ஒரு திறந்த நீர்ப்பாதை உண்டாகும். விஞ்ஞானிகள் அந்தப் பனி விளிம்பில் உட்கார்ந்து, கண்ணுக்கு முன்னால் கடந்து போவதை எண்ணினார்கள். பாதை மூடிக்கொண்டால் திமிங்கிலங்கள் வராது என்று எடுத்துக்கொண்டார்கள்.

வேட்டைக்காரர்கள் சொன்னது வேறு. திமிங்கிலம் அந்தப் பாதையில் மட்டும் போவதில்லை. கண்ணுக்கு எட்டாத தூரத்தில், பனிக்கு அடியிலும் போகும். மூச்சு விட வேண்டுமென்றால் தலையால் பனியை முட்டி உடைத்துக்கொள்ளும். பாதை மூடினாலும் பயணம் நிற்காது.

நம்ம பாஷையில சொன்னா, ஒரே ஒரு கேட்ல மட்டும் சிசிடிவி வெச்சுட்டு, அதுல தெரிஞ்சவங்கதான் ஊர் ஜனத்தொகைன்னு சொன்ன மாதிரி. எண்ணினவங்க கூட்டல்ல தப்பு பண்ணல. கேமரா வெச்ச இடம்தான் தப்பு.

அதே 1977-ல் அந்த மக்கள் தங்களுக்கென்று அலாஸ்கா எஸ்கிமோ திமிங்கில வேட்டை ஆணையத்தை உருவாக்கினார்கள். சண்டை போட்டுவிட்டு நிற்கவில்லை, "எங்க பேச்சை நம்ப வேண்டாம், சோதிச்சுப் பாருங்க" என்ற இடத்துக்கு வந்தார்கள். ஹாரி ப்ரோவர் சீனியர் என்ற மூத்த வேட்டைத் தலைவர், டாம் ஆல்பர்ட் என்ற விஞ்ஞானிக்கு வருஷக்கணக்காக இதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். 1980-களில் பனிக்கு அடியில் ஹைட்ரோஃபோன், அதாவது தண்ணிக்குள் போடுகிற மைக் இறக்கினார்கள். கண்ணுக்குத் தெரியாத திமிங்கிலங்களின் குரல் கேட்டது. பாதை மூடியிருந்தபோதும் அவை போய்க்கொண்டுதான் இருந்தன.

கணக்கு மாறியது. 2001 கணக்கெடுப்பில் எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டியது. 2011-ல் 16,000-க்கும் மேல். இதில் ஒரு பகுதி உண்மையிலேயே இனம் பெருகியதால் வந்தது, அதையும் சொல்லணும். ஆனால் ஆரம்பத்தில் போட்ட எண்ணிக்கை ரொம்பக் குறைவு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், யார் ஜெயிச்சாங்கங்கிறது இல்ல. வேட்டைக்காரர் சொன்னதை விஞ்ஞானி ஒரு கருதுகோளா எடுத்துக்கிட்டு சோதிச்சார் பாருங்க, அதுதான். கவலைன்னு எழுதியிருந்தா எதையுமே சோதிச்சிருக்க முடியாது.

இப்ப பாண்டிக்கு வருவோம்

என் வயசுக்காரங்க கிட்ட பாண்டி பீச்னா என்ன ஞாபகம் வரும்? கருங்கல். சின்ன வயசுல ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டுப் போனப்போ, காந்தி சிலை, ஐஸ்கிரீம், அப்புறம் கருங்கல் மேல அடிக்கிற அலை. பீச்னா மணல் இருக்கணும்ங்கிறதே எங்களுக்குச் சினிமால பார்த்துதான் தெரியும். ஆனா எங்க அம்மா, "நாங்க அந்த மணல்லதான் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம்"னு சொல்வாங்க. நான் நம்பினதே இல்லை.

நடந்தது இதுதான். நம் கிழக்குக் கடற்கரையில் மணல் ஒரு இடத்தில் நிற்பதில்லை, கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. வருஷத்தில் ஏறத்தாழ எட்டு மாதம், தெற்கிலிருந்து வரும் அலைகள் மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது திரும்பித் தெற்கே வரும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம், வருஷத்துக்கு லட்சக்கணக்கான கன மீட்டர். கரை என்பது ஒரு பேங்க் அக்கவுண்ட் மாதிரி. ஒரு பக்கம் போகும், இன்னொரு பக்கம் வரும், பேலன்ஸ் மட்டும் நிற்கும்.

1986 முதல் 1989 வரை பாண்டிச்சேரித் துறைமுகத்துக்காக ஆற்று முகத்துவாரத்தில் இரண்டு அலைத் தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் அங்கேயே நின்றது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே பாண்டி நகரக் கரைக்கு வரவு நின்றது, செலவு மட்டும் தொடர்ந்தது. கரை கரைந்தது. நகரத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கல் இருக்கும் இடம் பிழைத்தது, அதற்கு அடுத்த இடம் கரைந்தது. அங்கேயும் கல். அப்படியே வடக்கே நகர்ந்து, தமிழக எல்லைக்குள் இருக்கிற தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரைக்கும் போனது.

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். "எஞ்சினியருக்குத் தெரியல, மீனவருக்குத் தெரிஞ்சது"ன்னு சொல்லிட்டா கதை நல்லா இருக்கும். ஆனா அது உண்மை இல்ல. மணல் வடக்கே போகும்னு துறைமுகத்தை வடிவமைச்சவங்களுக்கும் தெரியும். அதனாலதான் தெற்கே சேர்ற மணலை எடுத்து வடக்கே கொண்டுபோய்ப் போடற ஏற்பாடும் திட்டத்துலயே இருந்தது. அது நடக்க வேண்டிய அளவுக்கு நடக்கல. அவ்வளவுதான்.

அப்ப தப்பு எங்க? அறிவுல இல்ல. கட்டி முடிச்ச பிறகு தினமும் பார்த்து, "இன்னைக்கு மணல் வரல"ன்னு சொல்ற ஆள் முடிவெடுக்கிற இடத்துல இல்லாததுல. சாஃப்ட்வேர்ல இதை மானிட்டரிங்னு சொல்வோம். சர்வரை ஓட விட்டுட்டு யாருமே லாக் பார்க்கலன்னா என்ன ஆகும்? கஸ்டமர் போன் பண்ணிக் கத்தும்போதுதான் தெரியும். கடற்கரையில தினமும் லாக் பார்த்துட்டு இருந்தவங்க, விடியற்காலையில படகைத் தள்ளப் போற ஆளுங்க. ஒவ்வொரு நாளும் எத்தனை அடி கூடுதலா தள்ளணும், குறைவா தள்ளணும்னு அவங்க காலுக்கே தெரியும். அந்த லாக் எந்த ஃபைலுக்கும் போகல.

இன்னொண்ணு. திட்ட வரைபடத்துல கடற்கரை காலியான நிலம். புறம்போக்கு. மீனவருக்கு அது படகு நிறுத்துற இடம், வலை பின்னுற இடம், கருவாடு காயப் போடற இடம், ஏலம் போடற இடம். நம்ம ஆபீஸ், பார்க்கிங், குடோன் எல்லாம் ஒரே இடத்துல இருந்து, ஒருநாள் காலையில அது தண்ணிக்குள்ள போயிருந்தா எப்படி? கல்லு கொட்டினா ரோடு பிழைக்கும். ஆனா கல்லு மேல படகை ஏத்த முடியாது.

2018-ல் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் ஒரு பெரிய இரும்பு அமைப்பை இறக்கியது. அலையின் வேகத்தைக் குறைத்து மணலைத் தங்க வைப்பதுதான் நோக்கம். மணல் திரும்பியது. அம்மாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். மணல்ல உட்கார்ந்து ரொம்ப நேரம் எதுவும் பேசல. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, ஏன் இத்தனை வருஷம் நம்பலன்னு கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

மாமாவுக்கு என்ன தெரியும், ஆப்புக்கு என்ன தெரியும்

நானும் சாஃப்ட்வேர்காரன்தானே, ஆரம்பத்துல மாமாகிட்ட பெருமையா ஒரு வானிலை ஆப் போட்டுக் கொடுத்தேன். காத்து வேகம், அலை உயரம், எல்லாம் கலர் கலரா வரும். ஒருநாள் ஆப்புல பச்சை. மாமா தொழிலுக்குப் போகல. "ஏன் மாமா, எல்லாம் சரின்னுதானே காட்டுது?"ன்னேன்.

"கடல் சரி. கரை சரியில்ல."

அதுக்கு அர்த்தம் எனக்கு அப்பத்தான் புரிஞ்சது. ஆப் சொல்றது திறந்த கடலைப் பத்தி. பல கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு எண். ஆனா ஃபைபர் படகைக் கரையில இருந்து உள்ள தள்ளும்போது கவிழ்கிற ஆபத்து இருக்கிறது முதல் இருநூறு அடியில, அலை உடையற இடத்துல. தண்ணிக்குள்ள மணல் திட்டு போன வாரம் இருந்த இடத்துல இந்த வாரம் இல்ல. அது நகர்ந்ததால அலை வேற இடத்துல, வேற மாதிரி உடையுது. ஆப்புக்கு அந்தத் திட்டு தெரியாது. மாமா கரையில நின்னு பத்து அலை பார்த்தார், அவ்வளவுதான்.

இதையே திருப்பிப் போடுங்க. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் நம்ம கடலூர், பாண்டிக்கு நடுவுல கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் பாண்டி பக்கத்துல கரையைக் கடந்து, ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டிச்சு. இந்த மாதிரி நேரத்துல மாமா ஆகாயத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்க மாட்டார். "புயல் அங்க நடுக்கடல்ல இருக்கும்போதே ரேடியோ சொல்லுது. எனக்கு அது கரைக்குக் கிட்ட வந்தாத்தான் தெரியும். அதுக்குள்ள படகைத் தூக்கி மேட்டுல வெச்சிருக்கணும்"னு அவரே சொல்வார்.

ஆக, இது நம்பிக்கையா விஞ்ஞானமாங்கிற சண்டையே இல்லை. ரெசல்யூஷன் விஷயம். சேட்டிலைட்டுக்குப் பெரிய பரப்பு தெரியும், நுணுக்கம் தெரியாது. மாமாவுக்கு ஒரு சின்ன பரப்பு தெரியும், ஆனா அதுல ஒவ்வொரு அடியும் தெரியும். அதுவும் 40 வருஷத்துக்கு.

அந்த அறிவுக்குன்னு ஒரு சொல்லகராதியும் இருக்கு. வாடை வடக்கேயிருந்து, கொண்டல் கிழக்கேயிருந்து, கோடை மேற்கேயிருந்து, தென்றல் தெற்கேயிருந்து. இது நம்ம பள்ளிக்கூடத்துல படிச்சது. அவங்களுக்கு அது தேர்வுக்கு இல்ல, பிழைப்புக்கு. நீரோட்டத்துக்கும் தனிப் பெயர் உண்டு. சென்னைப் பக்கத்து மீனவர்கள் வடக்கேயிருந்து தெற்கே ஓடுவதை வண்ணி என்பார்கள், தெற்கேயிருந்து வடக்கே ஓடுவதை தெண்டி என்பார்கள். எந்த மாதம் எந்தக் காற்றோடு எந்த நீரோட்டம் சேர்ந்தால் எந்த மீன் வரும், எந்தப் பக்கம் மணல் ஏறும் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். உள்ளீடு, விதி, முடிவு. இதைத்தானே நாம மாடல்னு சொல்றோம்?

நல்லவாடு, 2004

ரெண்டு அறிவும் கை கோத்தா என்ன நடக்கும்ங்கிறதுக்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். எங்க பகுதியிலேயே நடந்தது.

1998-ல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. அன்றைக்கு இன்டர்நெட் என்றாலே பெரிய விஷயம். முதலில் ஊர் மக்களிடம் "உங்களுக்கு என்ன தகவல் வேணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். இடத்தை ஊரே தர வேண்டும், நடத்துவது உள்ளூர்த் தன்னார்வலர்கள், பெண்களும் இருக்க வேண்டும், எல்லாச் சாதியினரும் உள்ளே வரணும். ஏம்பலத்தில் மையம் கோயில் இடத்திலேயே நடந்தது.

விவசாய ஊர்களில் விலை நிலவரம் கேட்டார்கள். வீராம்பட்டினத்தில் கடல் நிலவரம் கேட்டார்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயரக் கணிப்பை வில்லியனூரில் இறக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்பி, ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். யோசிச்சுப் பாருங்க, எங்கேயோ போர்க்கப்பலுக்காகப் போட்ட கணக்கு, நம்ம ஊர் குழாய் ஸ்பீக்கர்ல தமிழ்ல வருது. கேட்டுட்டு மீனவர் கரையில வந்து தன் கண்ணால பார்த்து முடிவெடுக்கிறார். கடைசி முடிவு அவர் கையில.

நல்லவாட்டிலும் அப்படி ஒரு மையமும் ஒலிபெருக்கியும் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை செய்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் செய்தி பார்த்து வீட்டுக்கு போன் செய்தார். அந்த நேரம் இங்கே கடல் வித்தியாசமாக இருந்தது. "எல்லாரையும் ஊரை விட்டு வெளியே போகச் சொல்லுங்க" என்றார். மையத்தின் ஒலிபெருக்கியில் ஊர் முழுக்க அறிவித்தார்கள். ஏறத்தாழ 3,600 பேர் மேட்டுக்கு ஓடினார்கள். சுமார் 150 வீடுகளும் 200 படகுகளும் போயின. மக்கள் பிழைத்தார்கள்.

எங்க அம்மா பக்கத்துச் சொந்தம் பாதிப் பேர் அந்த 3,600-ல அடக்கம். நான் இதைப் பேசும்போது கொஞ்சம் தடுமாறினா அதுதான் காரணம்.

உள்ளூர் அறிவுக்கும் எல்லை உண்டு

அதே காலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல் உயிரிழந்தார்கள். அவங்களுக்குக் கடல் தெரியாதா? நம்ம எல்லாரையும் விட நல்லாத் தெரியும். ஆனா சுனாமி தெரியாது. நம்ம கரையில யாருடைய நினைவிலும் அப்படி ஒண்ணு இல்லை. அதுக்கு ஜப்பான்காரங்க சொல்லைத்தான் கடன் வாங்கினோம்.

இந்தோனேசியாவில் சிமுலுவே என்று ஒரு தீவு. நிலநடுக்க மையத்துக்கு ரொம்பப் பக்கம். 78,000 பேர் வாழ்ந்த இடத்தில் இறந்தவர்கள் ஏழு பேர். 1907-ல் அங்கே ஒரு சுனாமி வந்திருந்தது. அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்து, பாட்டாகவும் கதையாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். நிலம் பலமா ஆடினா, கடல் உள்வாங்கினா, மலைக்கு ஓடு. அவ்வளவுதான் பாடம். போன் வர வேண்டிய அவசியமே இல்லை.

இதிலிருந்து ரெண்டு விஷயம். உள்ளூர் அறிவு நினைவில் வாழ்கிறது. சொல்வதை நிறுத்தினால் ஒரு தலைமுறையில் போய்விடும். ரெண்டாவது, நடக்காததை அது சொல்லாது. இப்ப பருவநிலை மாறுது. "முன்னெல்லாம் ஐப்பசின்னா ஐப்பசி. இப்ப கடலுக்கும் பஞ்சாங்கத்துக்கும் ஒத்து வரல"ன்னு மாமாவே சொல்றார். ஆர்க்டிக்கில் பனியைக் கண்ணால் அளந்து நடந்த பெரியவர்களும், பழைய அடையாளங்களை முன்போல நம்ப முடியவில்லை என்றுதான் சொல்கிறார்கள். அதனால அந்த அறிவு பயனற்றதாயிடுமா? இல்ல. மாறுதலை முதல்ல கண்டுபிடிக்கிறதே பழசு எப்படி இருந்ததுன்னு தெரிஞ்ச ஆள்தான்.

சட்டத்துல மாமாவுக்கு நாற்காலி இருக்கா?

இருக்கு. 2011 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் குழு அமைக்கணும், அதில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோரச் சமூகத்திலிருந்து குறைந்தது மூன்று பிரதிநிதிகள் இருக்கணும் என்று சொன்னது. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பொதுமக்கள் கருத்துக் கேட்பு எப்படி நடக்கணும் என்று விரிவாகச் சொல்கிறது.

அதுல ஒரு விதி எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சது. கூட்டத்தின் முடிவில், பதிவு செய்த குறிப்பை அங்கேயே மக்களுக்கு உள்ளூர் மொழியில் விளக்கி வாசிக்கணும். அதன் பிறகுதான் கையெழுத்து. அதாவது, "கவலை தெரிவித்தார்"ங்கிற வரியை மாத்தச் சொல்ல ஒரு நேரம் இருந்திருக்கு. அந்த நேரத்துல நாங்க அங்க இல்ல. மூணு மணிக்கு எனக்கு ஆபீஸ் கால் இருந்தது. "போதும் மாமா, பேசியாச்சுல்ல, கிளம்பலாம்"னு அவரை பைக்ல ஏத்திட்டு வந்தவன் நான்தான்.

இன்னொண்ணும் கவனிச்சேன். அந்த விதியே மக்கள் சொல்வதைக் கருத்து, கவலை என்றுதான் குறிப்பிடுகிறது. படிவத்துலயே தகவலுக்குக் கட்டம் இல்லை. ஆலோசகர் மூணு மாசம் அளந்தா அது டேட்டா. மாமா 40 வருஷம் பார்த்தா அது கருத்து.

ஆர்க்டிக் பக்கம் இந்தக் கட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறார்கள். நடு ஆர்க்டிக் பெருங்கடலில் கட்டுப்பாடற்ற மீன்பிடியைத் தடுக்க 2018-ல் கையெழுத்தாகி 2021-ல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், விஞ்ஞானத்தோடு பழங்குடி மற்றும் உள்ளூர் அறிவையும் கணக்கில் எடுக்கணும் என்று எழுத்திலேயே சொல்கிறது. கனடாவில் இனுயிட் மக்களுக்காக 2019-ல் 'சிக்கு' என்று ஒரு ஆப் வந்தது. அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குக் கடல் பனி என்று பொருள். எந்த இடத்தில் பனி மெலிசு, எங்கே ஆபத்து என்று அவர்கள் மொழியிலேயே, அவர்கள் சொற்களிலேயே பதியலாம். பதிந்தது பதிந்தவருக்கே சொந்தம். அங்கே அவர்களுக்கு நில உரிமை ஒப்பந்தங்களின் பலம் பின்னால் இருக்கிறது. நம் மீனவர்கள் தங்களைக் கடல் பழங்குடியாக அங்கீகரிக்கணும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அந்த நிலைமை இன்னும் வரவில்லை. இந்த வித்தியாசத்தை மறந்துட்டு அதை அப்படியே இங்க காப்பி பேஸ்ட் பண்ண முடியாது.

நோட்டுப் புத்தகம்

சரி, நான் என்ன பண்ணேன்? வழக்கம் போல, ஆப் பண்ணலாம்னு கிளம்பினேன். டிசைன்லாம் போட்டு மாமாகிட்ட காட்டினேன். ரெண்டே கேள்வி கேட்டார். "இதை யாரு பார்ப்பாங்க?" அப்புறம், "எங்க மீன் படுதுன்னு எழுதிட்டா, நாளைக்கு அங்க பெரிய போட்டு வந்து நிக்காதா?" என்கிட்ட பதில் இல்லை. லேப்டாப்பை மூடிட்டேன்.

இப்ப ஒரு நீளமான கணக்கு நோட்டு இருக்கு. மாமா சொல்லச் சொல்ல அவர் பொண்ணு எழுதுது. தேதி, தமிழ் மாசம், காத்து எந்தப் பக்கம், நீரோட்டம் எந்தப் பக்கம். அப்புறம் ஒரே ஒரு அளவு. ஊர் எல்லையில இருக்கிற கரண்ட் கம்பத்துல இருந்து தண்ணி விளிம்பு வரைக்கும் எத்தனை தப்படி. மாசம் ரெண்டு தடவை, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும், அதே கம்பத்துல இருந்து ஒரு போட்டோ. மீன் எங்கன்னு மட்டும் எழுதறதில்ல. அது குடும்ப ரகசியம்.

14 மாசம் ஆச்சு. ஆடியில 61 தப்படி இருந்தது, மார்கழியில 38. ஒரு வருஷத்தை வெச்சு எதுவும் நிரூபிக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும். ஆனா அடுத்த கூட்டம் வந்தா, மைக்ல பேசறதோட நிக்கப் போறதில்ல. நோட்டோட நகலை எழுத்துப்பூர்வமா கொடுத்து, வாங்கினதுக்குக் கையெழுத்தும் வாங்கப் போறோம். குறிப்பு வாசிக்கிற வரைக்கும் உட்காரப் போறோம். அன்னைக்கு நான் லீவு.

இதைக் கேட்கிற உங்களுக்கும் அப்படி ஒரு மாமா, பெரியப்பா, ஆயா இருப்பாங்க. கடல்னு இல்ல, ஏரியோ வாய்க்காலோ, எதையோ வருஷக்கணக்கா பார்த்துட்டு இருப்பாங்க. இந்த வாரம் போய்க் கேளுங்க. கேட்டதைத் தேதி போட்டு எழுதி வைங்க. ஃபோட்டோ எடுத்தா எந்த இடத்துல இருந்து எடுத்தீங்கன்னும் எழுதுங்க, அடுத்த தடவை அதே இடத்துல நிக்கணும்ல.

இந்த எபிசோடை மாமாகிட்ட முதல்லயே போட்டுக் காட்டினேன். முழுசா கேட்டுட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார். 40 வருஷம் இல்லையாம், 43. திருத்திக்கோங்க.